மேலவைக்குப் போன கக்கூஸ்

சின்னத்துறையிலை பொம்பிளையளுக்கு ஒரு கக்கூஸ் வேணும். இவ்வளவுதான் கதை. இதுக்கு ஏன் ரெண்டு சபை, ஒரு சபாநாயகர், கூட்டு அமர்வு எண்டு நீங்கள் கேப்பியள். நானும் அதைத்தான் கேட்டனான். ஒரு அறுவானும் பதில் சொல்லேல்லை.

எங்கடை துறை ஓர்ஸ் ஹில் எண்ட குன்றுக்குக் கீழை, உள்துறைமுகத்தின்ரை ஒரு மூலையிலை கிடக்கு. விடியப்புறம் வள்ளங்கள் வரும். அதுக்கு முந்தியே நாங்கள் பொம்பிளையள் வந்து நிப்பம். மீனைத் தரம் தரமாத் தெரியிறது, வெட்டுறது, உப்புப் போடுறது, காயவைக்கிறது எல்லாம் எங்கடை வேலை. மத்தியானம் வரைக்கும் நிமிர ஏலாது. ஆம்பிளையளுக்கு ஒண்டுக்கு வந்தால் வள்ளத்துக்குப் பின்னாலை போய், கடலைப் பாத்துக்கொண்டு நிண்டால் அலுவல் முடிஞ்சுது. எங்களுக்கு? ஏத்தம் ஏறி, மேலை ரோட்டிலை ஆரின்ரையோ வீட்டுக் கேற்றைத் தட்டவேணும். மீன் நாத்தத்தோடை போற எங்களை முதல் நாள் உள்ளுக்கு விடுவினம். ரெண்டாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு விடுவினம். மூண்டாம் நாள் நாயை அவிட்டு விடுவினம். அதாலை நாங்கள் கண்டுபிடிச்ச மருந்து, தண்ணி குடியாமல் இருக்கிறது. விடிய எழும்பினதிலையிருந்து ஒரு மிடறு உள்ளுக்கு விடமாட்டம். அடக்கிப் பழகினால் உடம்பும் பழகும் எண்டு நினைச்சனாங்கள்.

நஸ்ரியாவின்ரை உடம்பு பழகேல்லை. அவள் கிண்ணியாப் பிள்ளை, கலியாணம் கட்டி இஞ்சை வந்தவள், என்னோடை ஒரே பலகையிலை மீன் வெட்டுறவள். மூண்டாவது பிள்ளை வயித்திலை. சலக்கடுப்பு எண்டு குனிஞ்சபடியே ஒரு நாள் சுருண்டு போனாள். ஆசுப்பத்திரியிலை டொக்டர் அம்மா நல்லாப் பேசிப்போட்டா. "தண்ணி குடிக்காட்டித் திரும்பவும் கிருமி வரும், வந்தால் வயித்திலை இருக்கிறதுக்கும் கூடாது" எண்டா. வெளியிலை நிண்ட அவளின்ரை மனுசன் அதைக் கேட்டிட்டு, "இனித் துறைக்குப் போகவேணாம்" எண்டிட்டான். அவன் ஆட்டோ ஓட்டுறவன், கெட்டவன் இல்லை. ஆனால் இவள் வேலையை விட்டால் அந்த வீட்டிலை பாதி அடுப்புத்தான் எரியும், அது அவனுக்கும் தெரியும்.

"பிள்ளை பிறக்கிறதுக்குள்ளை ஒரு கக்கூஸ் கட்டித்தருவினம், நீ வேலையாலை நிக்காதை" எண்டு நான்தான் வாக்குக் குடுத்தனான். எனக்கென்ன தெரியும்? ஐஸ் அறைக்குப் பக்கத்திலை எங்கடை மீனவர் சங்கத்தின்ரை காணி சும்மா கிடக்கு. சீமெந்தும் கல்லும் தாறதுக்கு ஒரு நிறுவனம் ஓம் எண்டு சொல்லியிருக்கு. சங்கம் "சரி, கட்டுங்கோ" எண்டு ஒரு தீர்மானம் எடுத்தால் போதும். ஒரு சொல்லுத்தானே எண்டு நினைச்சிட்டன், நான் ஒரு மோட்டு மனிசி.

அந்த நேரம் பாத்துத்தான் சங்கத்துக்கு எலெக்சன் வந்தது. காலாகாலமாத் தலைவரா இருந்தவர் முஹம்மது தம்பி ஹாஜியார். கரைவலைச் சம்மாட்டி, துறையிலை பாதிப்பேர் அவற்றை வலையை இழுத்துத்தான் சீவிக்கினம். அவரை எதிர்த்துக் கேட்டவன் றுமைஸ், மூண்டு ஃபைபர் வள்ளம் வைச்சிருக்கிற இளந்தாரி. பொம்பிளையளுக்குக் கக்கூஸ் எண்டு சொல்லி வோட்டுக் கேட்டான். வெண்டும் போட்டான். ஹாஜியார் அடுத்த நாள் வலையைச் சுருட்டிக் கட்டினார். "நான் தோப்பூர்ப் பக்கம் வயலைப் பாக்கப் போறன், கடலும் வேணாம், ஒண்டும் வேணாம்" எண்டார். பிழைப்புப் போகப்போகுதெண்டு பாதித் துறை அவற்றை வாசலிலை போய் நிண்டுது.

இப்பத்தான் கனகசுந்தரத்தார் வாறார். இவர் கொழும்பிலை பாராளுமன்றத்திலை மொழிபெயர்ப்பாளரா இருந்து பென்சன் எடுத்தவர். எங்கடை துறைக்கு ஏறுற சந்தியிலை வீடு. மற்றவை கதைச்சதைச் சீவியம் முழுக்கத் தமிழிலை சொல்லிக் குடுத்த மனுசன், தான் கதைக்க ஒரு இடம் தேடிக்கொண்டு திரிஞ்சவர். சங்கத்தின்ரை பிணக்கைக் கேள்விப்பட்டதும் வெள்ளை லோங்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"இதுக்கு ஒரே வழி ஈரவை முறை" எண்டார்.

"அதென்னய்யா?" எண்டு கேட்டான் றுமைஸ்.

"சட்டசபையை ரெண்டாப் பிரிக்கிறது. கீழவை, மேலவை. கீழவையைச் சனம் நேரை வோட்டுப் போட்டுத் தெரிஞ்செடுக்கும். மேலவைக்கு வேறை வழியாலை ஆக்கள் வருவினம். இந்தியாவிலை மாநிலச் சட்டசபைக்காரர் தெரிஞ்சு அனுப்புவினம். எங்கடை நாட்டிலையும் எழுபத்தொராம் ஆண்டு வரைக்கும் செனட் எண்டு ஒரு மேலவை இருந்தது. முப்பது பேர். பாதிப்பேரைக் கீழவை தெரிஞ்சுது, மற்றப் பாதியை மேலையிருந்து நியமிச்சவை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மூண்டிலொரு பங்கு ஆக்கள் இறங்க, புது ஆக்கள் ஏறுவினம்."

"அந்தச் சபை என்னத்துக்கு?" எண்டு கேட்டனான் நான்.

"கீழவை அவசரப்பட்டு ஒண்டைச் செய்தால் ஆறுதலா இருந்து யோசிக்கிறதுக்கு, தயாளினி."

"அப்ப ஏன் அதை இல்லாமல் செய்தவை?"

"அவசரப்பட்டுப் போட்டினம்" எண்டார்.

விசயம் என்னெண்டால், தோத்துப்போன ஹாஜியாருக்கு ஒரு கதிரை வேணும். அது ஒருத்தரும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிச்சுது. எலெக்சனிலை தோத்தவையைத் தேசியப் பட்டியலாலை பாராளுமன்றத்துக்குள்ளை எடுக்கிற நாட்டிலை இருந்துகொண்டு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?

துறையிலை வள்ளங்கள் அஞ்சு வரிசையா ஏத்திக் கிடக்கும். வரிசைக்கு ஒருத்தர் எண்டு கீழவைக்கு அஞ்சு பேர், றுமைஸும் அதிலை ஒருத்தன். கரையிலை வேலை செய்யிற பொம்பிளையளுக்கு ரெண்டு ஆசனம் எண்டு றுமைஸ் வைச்சான். அதிலை நானும் நஸ்ரியாவும் தெரிவானனாங்கள். மேலவைக்கும் அஞ்சு பேர். கரைவலைச் சம்மாட்டிமாருக்கு ரெண்டு ஆசனம், அதிலை ஹாஜியாரும் தம்பிராசாவும். கீழவை தெரிஞ்சு அனுப்புறதுக்கு ரெண்டு ஆசனம். அதுக்கு விருப்பு வாக்கு, ஒண்டு ரெண்டு எண்டு இலக்கம் போட்டு. எண்ணிப் பாத்தால், வரிசைத் தேர்தலிலை தோத்துப்போன ரெண்டு பேர் வந்து நிக்கினம்! சனம் வேண்டாமெண்டு தள்ளினவையை, சனம் தெரிஞ்சவை தெரிஞ்சு மேலை அனுப்பிப் போட்டினம். மிச்சம் ஒரு ஆசனம் கல்விமானுக்கு, நியமனம். ஆர் நியமிக்கிறது? கனகசுந்தரத்தார். ஆரை நியமிச்சவர்? கனகசுந்தரத்தாரை. கூச்சப்படாமல் தன்ரை பேரைத் தானே வாசிச்சு, தானே கையும் தட்டினார்.

சட்டங்களையும் அவர்தான் எழுதினார். ஒரு தீர்மானம் எண்டால் ரெண்டு சபையும் ஓம் எண்டு சொல்லவேணும். மேலவை மூண்டு தரம் திருப்பி அனுப்பினால் ரெண்டு சபையும் ஒண்டா இருந்து வோட்டுப் போடவேணும், அதுக்குப் பேர் கூட்டு அமர்வு. கதைக்கிறதுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பம் எண்டான் றுமைஸ். மேலவைக்காரர் துள்ளி விழுந்திட்டினம். "பெரியாக்களின்ரை வாயைப் பொத்தப் பாக்கிறியோ?" எண்டு தம்பிராசா கத்தினார். அமெரிக்காவிலை மேலவைக்காரர் விடிய விடிய நிண்டு கதைப்பினமாம், கனகசுந்தரத்தார் சொன்னார். அப்ப நேரக் கட்டுப்பாடு இல்லை எண்டு முடிவாச்சு.

கடைசியா ஹாஜியார் ஒரு சட்டம் சேர்த்தார். எங்கடை துறையிலை ஒரு வழக்கம் இருக்கு. கரையிலை நிக்கிறவன் "மீன் பாயுது!" எண்டு கத்தினால், கூட்டமெண்டாலும் சரி, கலியாணவீடெண்டாலும் சரி, எல்லாரும் எழும்பி ஓடவேணும். வலைக் கயித்திலை கை வைச்சவனுக்குத்தான் பங்கு. எத்தினையோ கூட்டம் இப்பிடிப் பாதியிலை குழம்பினது. ஹாஜியார் தோத்த எலெக்சனிலையும் அவற்றை ஆக்கள் கொஞ்சப்பேர் வோட்டுப் போடாமல் சூடை மீனுக்கு ஓடினவை எண்டு ஒரு கதை. அந்த வயித்தெரிச்சலிலை, "கூட்டு அமர்வு தொடங்கினால் கதவைப் பூட்ட வேணும். வோட்டு எண்ணி முடியுமட்டும் ஒருத்தரும் வெளிய போகப்படாது" எண்டார்.

"பாராளுமன்றங்களிலை வோட்டு எடுக்கிற நேரம் மட்டும்தான் கதவைப் பூட்டுவினம், ஹாஜியார். பேச்சு நடக்கேக்கை பூட்டுறேல்லை" எண்டார் கனகசுந்தரத்தார்.

"எந்தப் பாராளுமன்றத்துல ஐயா மீன் பாயிது?" எண்டார் ஹாஜியார். கனகசுந்தரத்தார் அதை அப்பிடியே எழுதிக்கொண்டார். சட்டம் நிறைவேறிச்சுது.

எங்கடை கக்கூஸ் கீழவையிலை நாலுக்கு மூண்டு எண்டு வெண்டுது. றுமைஸ், நான், நஸ்ரியா, பிறகு நடுவரிசை அர்ஷாக். அர்ஷாக்கின்ரை உம்மாவும் எங்களோடை மீன் காயவைக்கிறவ. அவன் கை தூக்காட்டி வீட்டிலை சோறு கிடைச்சிராது. நஸ்ரியா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சுதா அக்கா?" எண்டாள். "முடிஞ்சுது" எண்டன். எங்கை முடிஞ்சுது? மேலவைக்குப் போச்சுது.

முதல்தரம் அங்கை வாசல் எந்தப் பக்கம் எண்டு பாத்தவை. தொழுற கிப்லாப் பக்கம் பாத்து இருக்கப்படாது எண்டார் ஹாஜியார். அது நியாயம், எங்களுக்கும் தெரியும். கோணேசர் மலைக் கோயில் பக்கமும் பாக்கப்படாது எண்டார் தம்பிராசா. கடற்பக்கம் பாத்தால் வாற வள்ளக்காரருக்குச் சகுனம் சரியில்லையாம். மற்றப் பக்கம் பாத்தால் ரோட்டாலை போறவைக்கு மரியாதை இல்லையாம். கடவுள் படைச்சதே நாலு திசை, நாங்கள் எந்தத் திசைக்குப் போறது? சரிவா வைச்சுக் கட்டுறம் எண்டு எழுதி அனுப்பினம். ரெண்டாந்தரம், ஐஸ் அறைக்குப் பக்கத்திலை எண்டால் ஐஸிலை நாத்தம் பிடிக்கும் எண்டு திருப்பினவை. ஐஸ் அறைக்குப் பின்சுவரிலை ஆம்பிளையள் காலங்காலமா நிண்டு அடிச்ச அடியிலை சுவர் பூத்துப்போய்க் கிடக்கு, அதிலை பிடியாத நாத்தமோ? அதையும் எழுதினனாங்கள்.

மூண்டாந்தரம் ஆய்வுக் குழு. மேலவை முழுக்க ஒரு வானைப் பிடிச்சு, மற்ற ஊர்களிலை என்ன ஒழுங்கு எண்டு பாக்கப் போனவை. தோப்பூர்ச் சந்தையைப் பாத்து, அங்கை ஹாஜியாற்றை சொந்தக்காரர் வீட்டிலை சாப்பிட்டு, பிறகு வெருகல் வரைக்கும் போய், கோயிலடியிலை தம்பிராசா கும்பிட்டு, ஆத்திலை முகம் கழுவிப்போட்டு வந்து சேந்தினம். அறிக்கையைக் கனகசுந்தரத்தார் நல்ல தமிழிலை வாசிச்சார். அதின்ரை சாரம் என்னெண்டால், வெருகலிலை ஒரு கக்கூஸ் இருக்கு, துப்புரவாயும் இருக்கு, அதாலை இஞ்சை வேணாம்.

"அப்ப நாங்கள் காலமை பஸ் எடுத்து வெருகலுக்குப் போய் வாறதோ?" எண்டு கேட்டன். எனக்கு வந்த கொதிக்கு, கையிலை வெட்டுக்கத்தி இல்லாதது அவையின்ரை அதிட்டம்.

இதுக்குள்ளை நஸ்ரியாவுக்கு ஏழு மாதம் ஆச்சுது. ரெண்டாந்தரமும் கடுப்பு வந்து மருந்து குடிச்சவள். "கூட்டு அமர்விலையும் தோத்தால் நான் வேலையாலை நிக்கிறன் அக்கா. இவர் இனி விடமாட்டார், எனக்கும் பயமா இரிக்கி" எண்டாள். நான் விரல் மடிச்சுப் பாத்தன். கீழவை ஏழு, மேலவையிலை நாலு. கனகசுந்தரத்தார் சபாநாயகர், சரிசமன் எண்டால்தான் அவருக்கு வோட்டு. எங்கடை பக்கம் நாலு பேர், அவையின்ரை பக்கம் ஏழு பேர். எப்பிடி மடிச்சாலும் நாலு நாலுதான்.

கூட்டு அமர்வு வெள்ளிக்கிழமை தவிர்த்த ஒரு நாளாப் பாத்துக் காலமை வைச்சவை. சங்கக் கட்டடம் முந்தி என்ஜின் வைக்கிற ஸ்டோர். ஒரு வாசல், யன்னலெல்லாம் கம்பி, மேலை தகரம். காவல்காரனை வெளியிலை விட்டு ஹாஜியார் சொன்னார், "வோட்டு எண்ணி முடிஞ்சி அடிக்கிற மணிச்சத்தம் கேக்காம திறக்கப்படாது. நானே சொன்னாலும் திறக்கப்படாது." அவன் பூட்டைப் போட்டுத் திறப்பை மடியிலை கட்டினான்.

பெரியாக்கள் கூடுற சபை எண்டு ஹாஜியார் உபசாரம் வலு திறமாச் செய்திருந்தார். எல்லாருக்கும் தம்பிலி இளநி வெட்டி வைச்சிருந்தது. பிறகு பெரிய கேத்திலிலை பிளேன்ரீ, சீனி தூக்கலா. வெக்கைக்கு ஆம்பிளையள் மடக்கு மடக்கெண்டு குடிச்சினம். நானும் நஸ்ரியாவும் தொடேல்லை. பழக்கதோசம்.

தீர்மானத்தைக் கொண்டு வந்தது நான் எண்டபடியால் முதல் பேச்சு என்ரை. உண்மையைச் சொல்லுறன், எனக்கு ஒரு திட்டமும் இருக்கேல்லை. தோக்கப்போறம், தோக்கிறதுக்கு முந்தி இவையளுக்கு நாலு கேள்வியாவது கேப்பம் எண்டுதான் எழும்பினனான். நாயைப் பற்றிச் சொன்னன். சின்னப் பிள்ளை மாதிரி ஒரு கிழவி சீலையோடை நனைஞ்சுபோய், மீன்தண்ணி ஊத்துப்பட்டது எண்டு எல்லாருக்கும் பொய் சொன்ன கதையைச் சொன்னன். அவ தம்பிராசாவுக்குச் சொந்தச் சித்தி, பேர் சொல்லேல்லை. வாசல் திசையைப் பற்றி, ஐஸைப் பற்றி, வெருகல் வானைப் பற்றிச் சொன்னன். சொல்லச் சொல்ல ஊறுது எனக்கு. கிணறு வத்தேல்லை.

அப்பத்தான் பாத்தன், தம்பிராசா ஒரு காலைத் தூக்கி மற்றக் காலுக்கு மேலை போட்டார். கொஞ்சத்தாலை எடுத்து மற்றப் பக்கம் போட்டார். பக்கத்திலை தோத்துப்போன ரெண்டு பேரிலை ஒருத்தர் கதிரை நுனிக்கு வந்திட்டார். ஹாஜியாற்றை நெத்தியிலை வேர்வை முத்து முத்தா நிக்குது. அந்த முகம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம். ஒவ்வொரு நாளும் விடிய எங்கடை பலகையைச் சுத்தி அந்த முகங்கள்தான். எனக்குப் பொறி தட்டிச்சுது.

அதோடை முடிச்சுக்கொண்டு கதிரையிலை இருந்திருக்கலாம். இருக்கேல்லை. "இனி, இந்தத் துறை தொடங்கின காலத்திலையிருந்து சொல்லுறன்" எண்டன்.

"என்ன?" எண்டார் தம்பிராசா. குரல் கீச்செண்டு வந்தது.

சொன்னன். வலையைப் பற்றிச் சொன்னன், சுனாமியைப் பற்றிச் சொன்னன், எந்தெந்த வள்ளத்திலை எந்த மீனுக்கு ஆர் செதில் எடுத்தது எண்டு பேர்பேராச் சொன்னன். இடைக்கிடை கேத்திலைக் காட்டி, "ரீ ஆறுது, குடியுங்கோ" எண்டும் சொன்னன். அது கொஞ்சம் கூடத்தான். ஆனால் எனக்கு அப்பிடியொரு சந்தோசம் வந்தது, சொன்னால் பாவம்.

"சபாநாயகர், பேச்சை நிப்பாட்டுங்கோ" எண்டார் ஒருத்தர்.

"நிப்பாட்ட விதி இல்லை. பேச்சைக் கட்டுப்படுத்துறது அவமானம் எண்டு மேலவைதானே ஏகமனதாச் சொன்னது" எண்டார் கனகசுந்தரத்தார். அவரும் ரெண்டு தம்பிலி குடிச்சவர், பாவம், ஆனால் நாற்பது வருசப் பாராளுமன்றம் அவரை நேரை இருத்தி வைச்சிருந்தது.

தம்பிராசா எழும்பி வாசலுக்கு ஓடினார். "டேய், திற!"

"மணி அடிக்கேல்லையே ஐயா" எண்டான் காவல்காரன் வெளியிலை நிண்டு. ஹாஜியார் போய்க் கதவிலை ரெண்டு கையாலையும் அடிச்சார். "நான் முஹம்மது தம்பி சொல்றன், திற!"

"நீங்க சொன்னாலும் திறக்கப்படாதெண்டு நீங்கதானே ஹாஜியார் சொன்னீங்க" எண்டான் அவன், மரியாதையா.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினன். அப்பத்தான் நஸ்ரியாவைப் பாத்தன். சிரிப்பு அப்பிடியே செத்துப் போச்சுது. அவள் விடியத்திலையிருந்து ஒரு துளி குடிக்கேல்லை. ஆனால் ஏழு மாதப் பிள்ளை உள்ளுக்கை இருந்து உதைக்குது. சொண்டைக் கடிச்சுக்கொண்டு, அபாயாவின்ரை மடிப்பை ரெண்டு கையாலையும் முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். முகம் வெளிறிப் போச்சுது. சீ, நான் ஒரு மனிசியோ? ஆருக்காகக் கதைக்கிறனோ அவளையே கொல்லுறன். போதும், தோத்தாலும் காரியமில்லை, மணியை அடிக்கச் சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன்.

அவள் தலையை ஆட்டினாள். "பேசுங்க அக்கா" எண்டாள். சத்தம் வரேல்லை, சொண்டு மட்டும்தான் அசைஞ்சுது. பிறகு கண்ணை மூடினாள்.

நான் கதைச்சன். என்னத்தைக் கதைச்சன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. சூடை மீன் எப்பிடிக் கருவாடு போடுறது எண்டு சொன்னதாப் பிறகு அர்ஷாக் சொன்னான். எனக்குக் கண்ணீர் வழிஞ்சதையும் சொன்னான்.

முதலிலை கையெடுத்துக் கும்பிட்டது தம்பிராசா. "என்ரை வோட்டு உங்களுக்கு, பிள்ளை. முடி." பிறகு தோத்த ரெண்டு பேரும் ஒண்டாக் கையைத் தூக்கினவை, இன்னும் வோட்டுக்கு விடமுந்தியே. எதிர்த்து வோட்டுப் போட்ட வரிசைக்காரர் மூண்டு பேரும் சுவரைப் பாத்துக்கொண்டு கைதூக்கினவை. ஹாஜியார் மட்டும் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். பெரிய மனுசன், எங்களுக்கு வலைமீன் குடுத்த கை, கதவைச் சுரண்டிச்சுது. பாக்க எனக்குக் கவலையாயும் இருந்தது. ஆனால் நான் இருக்கேல்லை.

"கட்டு புள்ள" எண்டார். "எந்தத் திசையிலையாவது கட்டு. அல்லாஹ்வுக்காக இரி."

நான் இருந்தன். கனகசுந்தரத்தார் எழும்பி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, "இனித் தீர்மானத்தின் மூன்றாவது வாசிப்பு" எண்டார்.

"வாசிச்சியெண்டால் கொலை விழும்!" எண்டார் தம்பிராசா. வாசிக்கேல்லை. பதினொரு கை. ஒரு எதிர்ப்பும் இல்லை. ஈரவை முறை இவ்வளவு ஒற்றுமையா முடிஞ்சதை எந்த நாட்டிலையும் தான் கேள்விப்படேல்லை எண்டு சபாநாயகர் பிறகு சொன்னவர்.

மணி அடிச்சுது, கதவு திறந்துது. மேலவையும் கீழவையும் ஒண்டையொண்டு இடிச்சுக்கொண்டு ஓடிச்சுது. ஓடிப்போய் வள்ளங்களுக்குப் பின்னாலை வரிசையா நிண்டு கடலைப் பாத்தினம். கனகசுந்தரத்தாரும் நிண்டார், வெள்ளை லோங்ஸோடை. ஒரு நிமிசம் செல்லேல்லை. ஒவ்வொருத்தரா முகம் தெளிஞ்சு, சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு திரும்பி வந்தினம். "தயாளினிக்கு என்ன வாய்!" எண்டு தம்பிராசா ஆருக்கோ சொல்லுறது கேட்டுது. றுமைஸ் ஓடி வந்து, "அக்கா, வெண்டிட்டம்!" எண்டான்.

நான் நஸ்ரியாவைக் கைத்தாங்கலா வெளியிலை கூட்டிவந்தன். ஐஸ் அறைக்குப் பக்கத்திலை சங்கக் காணி கிடந்தது, எருக்கம் பத்தையும் உடைஞ்ச போத்திலும். தீர்மானம் இருக்கு. தீர்மானத்துக்குள்ளை போய் இருக்க ஏலுமோ? ஏத்தத்தைத்தான் பாத்தம். ரெண்டு பேரும் ஏறத் தொடங்கினம்.

பாதி ஏத்தத்திலை அவள் நிண்டாள். "ஏலாது அக்கா" எண்டாள். நான் வெய்யிலுக்குக் கொண்டு வந்த குடையை விரிச்சு, துறைப்பக்கம் தெரியாமல் சாய்ச்சுப் பிடிச்சன். மற்றப் பக்கத்துக்கு நான் நிண்டன். ரோட்டோரத்து மதிலிலை கையை ஊண்டிக்கொண்டு அவள் குந்தினாள், பிறகு தலையைக் கவிட்டு அழுதாள். கீழை சங்கத்திலை கை தட்டினம். ஆருக்கோ மாலை போடினம் போலை.

கொஞ்சத்தாலை அபாயாவை உதறிக்கொண்டு எழும்பினாள். முகத்தைத் துடைச்சாள். "அப்ப இனித் தண்ணி குடிக்கலாம், என்னக்கா?" எண்டாள்.

"இன்னும் கட்டேல்லையடி" எண்டன்.